கோயில் இல்லாத மலை

என் அம்மா என் நைனாவோடு மூன்று வருஷம் பேசவில்லை. சண்டை, கூச்சல், பாத்திரம் உருட்டல் எதுவும் கிடையாது. சோறு வேளைக்கு வரும். காக்கிச் சட்டை துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்திருக்கும். பேச்சு மட்டும் இல்லை. "உங்க நைனாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா, அவர் கைக்கெட்டும் தூரத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே. "வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர். நடுவில் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நைனா ஊருக்குத் தபால்காரர், நான் வீட்டுக்குத் தபால்காரி. சம்பளம் அவருக்கு மட்டும்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்று ஊரில் ஒரு முடிவு. பிரித்துப் படிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். பாதிப் பேருக்குப் படிக்கவும் தெரியாது, நைனாதான் படித்துச் சொல்ல வேண்டும். அதற்காக அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தந்தியைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சைக்கிளை நிறுத்திவிட்டு, முதலில் "சாப்ட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால், "துன்னுட்டு வா, ஒரு வெசயம் கீது" என்று காத்திருப்பார். செய்தி கேட்டபின் இரண்டு நாளைக்கு அவர்கள் வயிற்றில் ஒன்றும் இறங்காது என்பது அவருடைய கணக்கு. நல்ல மனசுதான். ஆனால் போகப் போக அந்தக் கேள்வியே ஊரில் பயமாகிவிட்டது. சும்மா ஒரு மரியாதைக்கு நைனா யாரையாவது "சாப்ட்டியா" என்று கேட்டால் அவர்கள் முகம் வெளுத்துவிடும்.

தம்பி பிறந்த ஐந்தாம் நாள் செஞ்சிப் பக்கத்திலிருந்து தந்தி வந்தது. அம்மாவின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வரவும். அம்மாவுக்கு அன்றைக்கு உடம்பு ஜுரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. நைனா தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தார். ஜுரம் விட்டு, அம்மா எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்ட பிறகுதான், "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாத்தா கடைசி வரை மகள் வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். பெரிய மாமா ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். உள்ளே கொஞ்சம் உப்பு, மிளகு, ஒரு ரூபாய்க் காசு. "உனக்குப் பிரசவம் நல்லபடியா ஆவணும்னு மலைக்கு முடிஞ்சி வச்சாரு. எந்த மலைன்னு எங்க யாருக்கும் சொல்லல. அவ வரட்டும், அவகிட்டதான் சொல்லணும்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார் மாமா.

அம்மா அந்த முடிச்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றோடு நைனாவிடம் பேச்சு நின்றது. அவளுடைய பிள்ளைப்பேற்றுக்காக வேண்டிக்கொண்டது, அந்த மலையின் பெயர்கூட அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரு நாள் முன்னால் போயிருந்தால் தெரிந்திருக்கும். நைனாவின் பக்கம் நியாயம் இருந்ததா என்று என்னைக் கேட்டால், இருந்தது. அம்மாவின் பக்கமும் இருந்தது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ரசம் எடுத்துக்கொண்டு ஓடியது நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூரில் டாக்ஸி ஓட்டும் நைனாவின் சினேகிதர் ஒருவர் இருந்தார். அவருடைய தங்கையை மூணாறு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. வருஷம் ஒரு முறை அம்பாசிடரை எடுத்துக்கொண்டு தங்கையைப் பார்க்கப் போவார். அந்த வருஷம், "வண்டி காலியாத்தான் போவுது, குடும்பத்தோட வாய்யா" என்று நைனாவைக் கூப்பிட்டார். மூணாறுக்கு மேலே ராஜமலை என்று ஒன்று, இரவிகுளம் தேசியப் பூங்கா என்று சர்க்கார் போர்டு வைத்திருக்கிறது, அங்கே பாறையில் ஏறுகிற காட்டாடுகள் மனிதரைக் கண்டு பயப்படாமல் பக்கத்திலேயே வந்து நிற்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, நைனாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அம்மா ஆடு மேய்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் தன் ஆடுகளை நினைத்துத்தான் அதிகம் அழுதாளாம், பெற்றவர்களை நினைத்துக்கூட இல்லையாம். நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மலைக்குப் போறோம்னு மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லு. ஆட்டப் பத்தி மூச்சு விடாத. அங்க போய் அவளே பாக்கட்டும்" என்றார். அவர் குரலில் ஒரு சின்னப் பையனின் ஆசை இருந்தது.

நான் போய்ச் சொன்னேன். "அம்மா, நைனா நம்மள மலைக்கு இட்டும்போறாராம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மலைக்கா? அவருக்கே தோணிச்சா?"

"ஆமா, அவரேதான் சொன்னாரு."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் பக்கத்தில் மலைக்குப் போவது என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். மேலே ஒரு சாமி இருக்கும், கீழே செருப்பை விட்டுவிட்டு ஏற வேண்டும், வேண்டுதலை முடிக்க வேண்டும். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக யாராவது மலை ஏறுவார்கள் என்று எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். எந்த மலை என்று எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, தன் அப்பாவின் வேண்டுதலை முடிக்கத்தான் புருஷன் அழைத்துப் போகிறார் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ரசம் வேணுமா என்று என்னைக் கேட்கச் சொல்லவில்லை. தானே கரண்டியை எடுத்து நைனாவின் தட்டில் ஊற்றினாள். நைனா தலை நிமிராமல் சாப்பிட்டார். அவருடைய காது சிவந்துபோயிருந்தது. அதைப் பார்த்த பிறகு, அந்த மலையில் கோயில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வரவில்லை. அவரிடமும் சொல்லவில்லை, இவளிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் நான் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரே செய்தி அது. தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு நைனா பட்ட பாடு என்னவென்று அந்த ஒரு வாரத்தில் எனக்கும் தெரிந்தது.

விடிவதற்குள் கிளம்பினோம். முன்னால் நைனாவும் டாக்ஸிக்கார மாமாவும், பின்னால் அம்மாவும் நானும் தம்பியும், எங்கள் காலடியில் புளிசாதத் தூக்கும் தண்ணீர்க் குடமும். அம்மா மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். பையில் தேங்காய், கற்பூரம், வெற்றிலை பாக்கு. மாமா திரும்பிப் பார்த்து, "இன்னா தங்கச்சி, கல்யாணத்துக்குப் போற மாதிரி கீது" என்று சிரித்தார். நைனா திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

திண்டிவனத்தில் செஞ்சிக்குப் பிரியும் ரோடு வந்தபோது அம்மா கார் ஜன்னலில் நெற்றியை வைத்து வலப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள், அந்த ரோடு மறைகிற வரைக்கும். பிறகு திருச்சி, திண்டுக்கல், தேனி. தம்பி இரண்டு முறை வாந்தி எடுத்தான், ஒரு முறை மாமாவின் சட்டைமேலேயே. "பேஜார் புடிச்ச பயலே" என்று அவர் ரோட்டோரப் பம்புசெட்டில் சட்டையை அலசிக் காரின் மேல் காயப்போட்டார், அது மணப்பாறை வரை கொடி மாதிரி பறந்து வந்தது. சாயங்காலம் போடியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். எல்லோருக்கும் சாதம் பிசைந்து கொடுத்த அம்மா, தான் சாப்பிடவில்லை.

"எனுக்கு வேணாம். வெறும் வவுத்துல தான் மலை ஏறணும்" என்றாள் என்னிடம், மெதுவாக. எனக்கும் சாதம் இறங்கவில்லை.

மறுநாள் காலை மாமா எல்லோருக்கும் நாஷ்டா வாங்கிவந்தார், அம்மா அதையும் தொடவில்லை. போடிமெட்டு ஏற ஏற வளைவுக்கு வளைவு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கம் பார்த்தால் ஏரியும் வயலும் ஏரிக்கரைப் பனைமரமும்தான், இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிற மலையை நாங்கள் கண்டதில்லை. தேயிலைத் தோட்டம் வந்தது. குளிர் வந்தது. நைனா தன் காக்கிக் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டி, "உங்கம்மாகிட்ட குடு" என்றார். அம்மா வாங்கிப் போர்த்திக்கொண்டாள். மஞ்சள் புடவைக்குமேல் தபால் கோட்டு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும் காட்சி அது.

மத்தியானத்துக்கு மேல் ராஜமலை செக்போஸ்ட்டைத் தாண்டிக் காரை நிறுத்தினோம். அம்மா செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தச் சில்லிட்ட தார் ரோட்டில் வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். வலப்பக்கம் பெரிய கரும்பாறைச் சரிவு, அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் புல். மூட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் காட்டிலாகாக் காவலர் ஒருவர் கம்பளித் தொப்பியோடு நின்றிருந்தார், எஸ்டேட் தமிழர்.

அம்மா அவரிடம் கேட்டாள். "அண்ணே, சன்னதிக்கு இன்னும் எத்தினி தூரம்?"

"சன்னதியா? இங்க கோயிலே இல்லையேம்மா. இது ஆட்டுக்கான இடம்." அவர் அம்மாவின் பையைப் பார்த்தார். "கற்பூரம் வச்சிருக்கீங்களா? நெருப்பு கிருப்பு பத்த வைக்கக் கூடாது, புல்லு புடிச்சிக்கும்."

அம்மா திரும்பி நைனாவைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ கூட சொல்லலியேடி" என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம், இரண்டு அடி வைத்திருக்கலாம். தம்பியை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டோரத்து மொட்டைப் பாறை ஒன்றில் போய் உட்கார்ந்தாள். மடியிலிருந்து முடிச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நான் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேண்டுதல், பட்டினி, மஞ்சள் புடவை எல்லாம். அவர் காருக்கு ஓடிப்போய்ப் புளிசாதத் தூக்கை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"உங்கம்மா நேத்துலேந்து சாப்புடல. சாப்புடுறாளான்னு கேளு."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நீங்களே கேளுங்க! நான் இனிமே யாருக்கும் தந்தி குடுக்க மாட்டேன்!" என்று அந்த மலையே கேட்கக் கத்தினேன். தம்பி அழ ஆரம்பித்தான். டாக்ஸிக்கார மாமா அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு காவலர் பக்கமாக நகர்ந்துவிட்டார்.

நைனா தூக்கோடு அம்மாவின் முன்னால் போய் நின்றார். தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கடைசியில், வேறு எந்த வார்த்தையும் தெரியாத மனிதரைப் போல, அதையே கேட்டார்.

"சாப்ட்டியா?"

அம்மாவுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "இன்னும் யாரு கீறாங்க எனுக்கு, சாவறதுக்கு?" என்றாள்.

மூன்று வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நைனா தூக்கைப் புல்லில் வைத்துவிட்டுப் பாறைக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஜொரம் அனலா காஞ்சிக்கினு இருந்தது. பச்ச ஒடம்பு. அத்தப் படிச்சி சொல்லியிருந்தா நீ எழுந்து ஓடிருப்ப. மாமனாரும் போயி நீயும் போயிட்டீன்னா, இந்த ரெண்டையும் வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? ஊருக்கெல்லாம் குடுத்தவன், உனக்குக் குடுக்க எனக்கு தெகிரியம் வரல. தப்புதான். தப்புதான்" என்றார். "ஆட்டப் பாத்தா நீ சந்தோசப்படுவன்னு தான் இட்டாந்தேன். சாமி இல்லாத மலைன்னு நான் நெனச்சே பாக்கல."

அம்மா கையிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். மூன்று வருஷத்தில் உப்பு கசிந்து கட்டியாகியிருந்தது. காசை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, உப்பையும் மிளகையும் பாறைமேல் கொட்டினாள். சாமி இல்லாவிட்டால் மலைக்கே போகட்டும் என்று நினைத்தாளோ, வெறுத்துப்போய்க் கொட்டினாளோ, நான் கேட்டதில்லை.

மூட்டம் விலகியது. மேலே பாறைச் சரிவில் ஐந்தாறு ஆடுகள் நின்றிருந்தன. வளைந்த கொம்பு, அழுத்தமான பழுப்பு உடம்பு. ஒரு பெட்டையாடு மட்டும், பின்னாலேயே ஒரு குட்டியோடு, செங்குத்தான பாறையில் தெருவில் நடப்பது போல நடந்து இறங்கி வந்தது. யாரையும் சட்டை செய்யவில்லை. நேராக அம்மா உட்கார்ந்திருந்த பாறைக்கு வந்து, மோந்து, உப்பை நக்க ஆரம்பித்தது.

நைனா பதறி எழுந்து அதை விரட்டக் கையை ஓங்கினார். வேண்டுதல் உப்பு அல்லவா?

"சும்மா குந்துங்க!" என்றாள் அம்மா. "துன்னட்டும்."

அவர் குந்தினார். காவலர் தூரத்திலிருந்து, "எதுவும் குடுக்கக் கூடாதும்மா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் ஆடு உப்பை முடித்துவிட்டு மிளகில் வாயை வைத்துவிட்டது. மூக்கைச் சுருக்கி, தலையை உதறி, நைனாவின் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் தும்மியது. நைனா முகமெல்லாம் எச்சிலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அது அழுகையாக மாறியது, தன் அப்பாவைக் கூப்பிட்டு அழுதாள். மூன்று வருஷமாக அவள் எங்கள் முன்னால் அழுததே இல்லை. ஓடிவந்த காவலர் திட்ட வாயெடுத்து, ஆட்டை மட்டும் ஓட்டிவிட்டுப் போனார்.

அழுது ஓய்ந்து, கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரிவில் ஏறிப்போன ஆட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "மறுபடியும் செனையா கீது பாருங்க. வவுறு எறங்கிக்கிது."

"அப்படியா? எனக்குத் தெரியலியே" என்றார் நைனா.

அவர் தூக்கைத் திறந்தார். இரண்டு பேரும் ஒரே மூடியில் வைத்து, விறைத்துப்போன புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அம்மா முந்தானையை அவிழ்த்து அந்த ஒரு ரூபாயை நைனாவிடம் கொடுத்தாள். "எந்த மலைன்னு தெரியாது. ஒவ்வொரு மலையா போய் ஒவ்வொரு ரூவா போடலாம். எதுனா ஒண்ணு அதுவா இருக்கும். இது மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும்."

அப்படியே போனார்கள். நான் கல்யாணமாகிப் போன பிறகும் வருஷத்துக்கு ஒரு மலை. திருத்தணி, திருவண்ணாமலை, சோளிங்கர், திருப்பதி, பழனி. டவுன் பஸ்ஸில் ஏறி, பெரிய பஸ் மாறி, புளிசாதம் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டு. ஒரு முறை கூடவே போனேன். மூன்று வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து அம்மா பேசினாள், பஸ்ஸில் என்னால் தூங்கக்கூட முடியவில்லை.

நைனா ரிட்டையராகிச் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய தபால் பையை ஒழித்தபோது, அடியில் அந்த ஒரு ரூபாய் இருந்தது. அதைச் சுற்றி நீல இன்லண்ட் கடுதாசி ஒன்று. பெரிய மாமா எழுதியது. நாங்கள் ராஜமலை போய்வந்த மறு மாசத்தில் வந்தது. 'நீங்கள் விசாரிக்கச் சொல்லி எழுதியபடி அப்பாவோடு கூட ஆடு மேய்த்த பெரியவரைப் பார்த்துக் கேட்டேன். அப்பா முடிந்துவைத்தது நம் ஊருக்கு நாலு மைலில் இருக்கிற குன்றுக்குத்தான்' என்று இருந்தது. கடுதாசியின் பின்பக்கம் நைனாவின் பென்சில் எழுத்தில் மலைகளின் பட்டியல். போனதற்கெல்லாம் டிக். கடைசி வரியில் அந்தக் குன்று. அதற்கு மட்டும் டிக் இல்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கடுதாசியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். போனவுடன் என் வாயில் வந்தது அதுதான்.

"சாப்ட்டியாம்மா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள். கையை நீட்டினாள். "இன்னா வந்துக்கீது? படி."

படித்தேன். பின்பக்கத்தையும் படித்தேன், ஒவ்வொரு மலையாக. எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடுதாசியை வாங்கி அந்தப் பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"மறுபடியும் மறச்சிட்டாரு பாத்தியா" என்றாள். அவள் உதடு சிரித்துக்கொண்டுதான் இருந்தது. "இந்த வாட்டி நான் யாருகிட்டடி பேசாம கீறது?"